ஸ்டேக் சிதைந்த பிறகும் வழிகாட்டும் இன்டெல் ப்ராசஸர் டிரேஸ்: ஒரு மதிப்பாய்வு

ஒரு நிரல் கிராஷ் ஆனதும் நாம் முதலில் பார்ப்பது அதன் ஸ்டேக்கைத்தான். எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது, கடைசியாக ஓடிய வரி எது என்பதையெல்லாம் டீபக்கர் அதிலிருந்துதான் எடுத்துச் சொல்கிறது. பெரும்பாலான கிராஷ்களுக்கு இது போதும். ஆனால் பிழை அந்த ஸ்டேக்கையே அழித்துவிட்டிருந்தால், அழைப்பு வரிசை இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கேள்விக்குறிகள் நிற்கும். சில வேளைகளில் உண்மை போலத் தோன்றும் தவறான வரிசை ஒன்று கிடைத்து, நம்மை நாள்கணக்கில் வேறு திசையில் அலையவைக்கும். நுண்செயலி ஓட்டவேண்டிய ஆணையின் முகவரியைக் காட்டும் ஆணைச் சுட்டி பொருளற்ற ஏதோ ஒரு முகவரியில் நிற்கும். அது அங்கே எப்படி வந்து சேர்ந்தது என்று சொல்ல நினைவகத்தில் எதுவும் மிஞ்சியிருக்காது. இத்தகைய கிராஷ்களுக்கு, நிரல் ஓடிய பாதையை நுண்செயலியே பதிவு செய்யும் இன்டெல் ப்ராசஸர் டிரேஸ் எந்த அளவுக்கு உதவுகிறது, எங்கே கைவிடுகிறது என்பதை, லினக்ஸில் அதை இயக்கும் பெர்ஃப் (வேக ஆய்வுக் கருவி), ஜிடிபி (டீபக்கர்) ஆகிய கருவிகளோடு சேர்த்து இங்கே மதிப்பிடுகிறேன்.

இது தனியாக வாங்கி நிறுவும் மென்பொருள் அன்று. நுண்செயலிக்குள்ளேயே அமைந்த வசதி. ஐந்தாம் தலைமுறை கோர் வரிசையான பிராட்வெல்லில் அறிமுகமாகி, அடுத்து வந்த ஸ்கைலேக்கில் முகவரி வடிகட்டியும் நுட்பமான காலக் குறிப்பும் சேர்ந்து முழுமை பெற்றது. லினக்ஸ் கெர்னலில் இதற்கான டிரைவர் 2015இல் 4.1 பதிப்பில் சேர்ந்தது. பதிவைப் படித்துக் காட்டும் திறன் அதே ஆண்டில் 4.3 பதிப்போடு பெர்ஃப் கருவிக்கு வந்தது. ஜிடிபியும் அதே ஆண்டில் 7.10 பதிப்பிலிருந்து இதை ஆதரிக்கிறது. ஆக, ஓரளவு புதிய இன்டெல் நுண்செயலியும் இன்றைய லினக்ஸும் வைத்திருப்பவரிடம் தேவையான எல்லாம் ஏற்கெனவே இருக்கின்றன. இவ்வளவு ஆண்டுகளாகக் கையெட்டும் தூரத்தில் இருந்தும் இதை மிகச் சிலரே பயன்படுத்துகிறார்கள் என்பது எனக்கு வருத்தம் தருகிறது.

இதன் அழகு, எதைப் பதிவு செய்யாமல் விடுகிறது என்பதில் இருக்கிறது. ஓடும் ஒவ்வோர் ஆணையின் முகவரியையும் எழுதி வைப்பதென்றால் எந்தக் கணினியும் தாங்காது. ஆனால் நிரலின் பைனரி நம்மிடம் இருக்கும்போது, அடுத்தடுத்து வரும் ஆணைகளை எழுதி வைக்கவேண்டிய தேவையே இல்லை. இலக்கு முன்பே தெரிந்த நேரடித் தாவல்களையும் நேரடி அழைப்புகளையும்கூட எழுதத் தேவையில்லை. நிரலின் போக்கு உண்மையிலேயே பிரியும் இடங்களை மட்டும் குறித்தால் போதும். ஊர் வரைபடம் கையில் இருப்பவருக்கு ஒவ்வொரு சந்திப்பிலும் இடமா வலமா என்று மட்டும் சொன்னால் அவர் முழுப் பாதையையும் வரைந்துவிடுவார் அல்லவா, அதைப் போன்ற ஏற்பாடு இது. நிபந்தனைத் தாவல் ஒன்று நிகழ்ந்ததா இல்லையா என்பதற்கு ஒரே ஒரு பிட் செலவாகிறது. அத்தகைய ஆறு முடிவுகள் வரை ஒரே பைட் அளவுள்ள, டிஎன்டி (நிகழ்ந்தது/நிகழவில்லை) எனப்படும் ஒரு பாக்கெட்டில் அடங்கிவிடுகின்றன. ஃபங்ஷன் சுட்டி வழியாகச் செல்லும் அழைப்பைப் போல இலக்கு ஓட்டத்தின்போதுதான் தெரியவரும் இடங்களில் மட்டும் அந்த முகவரி டிஐபி என்னும் பாக்கெட்டில் எழுதப்படுகிறது. அதிலும் முந்தைய முகவரியோடு ஒத்திருக்கும் மேல் பைட்டுகள் விடப்படுகின்றன. இன்டரப்ட் போன்ற எதிர்பாராத நிகழ்வுகளுக்கும், நேரத்துக்கும், பதிவு நிரம்பி வழிந்த இடங்களுக்கும் தனித்தனிப் பாக்கெட்டுகள் உண்டு. இவை அனைத்தையும் நுண்செயலி கேச் வழியே செல்லாமல் நேராக நினைவகத்தில் எழுதுகிறது. ஆகவே கண்காணிக்கப்படும் நிரலை மாற்றவோ மீண்டும் கம்பைல் செய்யவோ தேவையில்லை.

ஸ்டேக் சிதைந்த கிராஷ் ஒன்றை இதைக் கொண்டு பார்த்தால் இந்த வடிவமைப்பின் மதிப்பு புரியும். ஒரு ஃபங்ஷன் தன் உள்ளூர் வரிசைக்கு ஒதுக்கிய இடத்தைத் தாண்டி எழுதிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். திரும்பவேண்டிய முகவரி அழிந்துவிடுகிறது. ஃபங்ஷன் முடியும்போது நுண்செயலி அந்த அழிந்த மதிப்பை எடுத்துக்கொண்டு அங்கே தாவுகிறது. அந்த முகவரியில் எந்தப் பக்கமும் இல்லாததால் நிரல் சாகிறது. நிரல் சாகும்போது சேமிக்கப்படும் நினைவகப் பிரதியான கோர் டம்ப்பில் ஆணைச் சுட்டி அந்த வெற்று முகவரியைக் காட்டுமே தவிர, எந்த ஃபங்ஷனிலிருந்து அங்கே தாவியது என்பதைக் காட்டாது. ப்ராசஸர் டிரேஸ் பதிவில் அந்தத் தாவல் அப்படியே இருக்கிறது. அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு: ஒரு ஃபங்ஷன் தன்னை அழைத்த இடத்துக்கே ஒழுங்காகத் திரும்பினால், அந்தத் திரும்புதலை ஒரே பிட்டில் சுருக்கிவிட நுண்செயலிக்கு அனுமதி உண்டு, வேறு எங்கோ திரும்பினால் முழு டிஐபி பாக்கெட் எழுதியே ஆகவேண்டும். ஆகவே தடம் மாறிய திரும்புதல் பதிவில் தன் இலக்கோடு தனியாக நிற்கிறது. அதற்கு முந்தைய ஆணைகளைப் பின்னோக்கிப் படித்தால், எந்த ஃபங்ஷன், அதை யார் அழைத்தது, உள்ளே எந்தச் சுழல் எத்தனை முறை சுற்றியது என்பது வரை தெரிந்துவிடும். வரிசையின் அளவைவிடச் சுழல் கூடுதலாகச் சுற்றியிருப்பதைப் பதிவில் எண்ணிப் பார்க்க முடிகிறது. கிராஷுக்கான காரணத்தை ஊகிக்காமல் இப்படி நேராக வாசித்தறிவது வேறு எந்தக் கருவியிலும் எனக்கு இவ்வளவு எளிதாக வாய்த்ததில்லை.

இதற்கு நாம் தரும் விலை இரண்டு இடங்களில் இருக்கிறது. ஓட்டத்தின் வேகம் குறைவது அவற்றுள் சிறியது. பெரும்பாலான நிரல்களில் சில விழுக்காடு மந்தம்தான் தெரியும், நேரத்தைச் சார்ந்த பிழைகளைக்கூட அது கலைப்பது அரிது. பெரிய விலை பதிவின் அளவு. நுண்செயலியின் ஒவ்வொரு கோரும் வினாடிக்கு நூற்றுக்கணக்கான மெகாபைட் எழுதும் என்று பெர்ஃப்பின் கையேடே எச்சரிக்கிறது. அதைவிடக் கடினம் அந்தப் பதிவைப் படித்தல்: பைனரியையும் பாக்கெட்டுகளையும் இணையாக வைத்துக்கொண்டு ஒவ்வோர் ஆணையாக நடந்துதான் பாதையை மீட்க முடியும் என்பதால், பதிவு செய்ய எடுத்த நேரத்தைவிட நூறு மடங்கு முதல் ஆயிரம் மடங்கு வரை நேரம் பிடிக்கும். ஒரு நிமிடப் பதிவை முழுவதுமாகப் படிக்க முனைபவர் ஒரு நாள் முழுக்கக் காத்திருக்க நேரலாம். இதை அறியாமல் தொடங்குபவர்கள் முதல் முயற்சியிலேயே கருவியைக் கைவிட்டுவிடுகிறார்கள்.

கிராஷ் ஆய்வுக்கு இந்தச் சுமை முழுவதும் தேவையில்லை என்பதுதான் நல்ல செய்தி. நமக்கு வேண்டியது மரணத்துக்கு முந்தைய கடைசிச் சில கணங்கள் மட்டுமே. பெர்ஃப்பில் ஸ்னாப்ஷாட் முறை என்று ஒன்று உண்டு. அதில் பஃபர் (பதிவு தற்காலிகமாக எழுதப்படும் நினைவகப் பகுதி) வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும், பழையது அழிந்து புதியது எழுதப்படும், நாம் சைகை அனுப்பும்போது மட்டும் அந்தக் கணத்தில் உள்ளது கோப்பில் சேமிக்கப்படும். நிரல் முடியும்போது கடைசியாக ஒருமுறை தானாகவே சேமித்துக்கொள்ளும்படியும் அமைக்கலாம், கிராஷ்களுக்கு இந்த அமைப்பே பொருத்தமானது. அளவு எதுவும் சொல்லாவிட்டால், உயர் அனுமதி உள்ளவருக்கு 4 மெகாபைட்டும் மற்றவர்களுக்கு 128 கிலோபைட்டும் பஃபராகக் கிடைக்கின்றன. வினாடிக்கு 200 மெகாபைட் என்று கணக்கு வைத்தால் 4 மெகாபைட் என்பது சுமார் 20 மில்லிவினாடி. கேட்கச் சிறிதாகத் தோன்றினாலும், இன்றைய நுண்செயலிக்கு அது கோடிக்கணக்கான ஆணைகள் ஓடும் காலம். இருந்தாலும் என் பரிந்துரை, நினைவகம் இடம் கொடுக்கும் அளவுக்கு இதைப் பெரிதாக வைத்துக்கொள்ளுங்கள் என்பதே. நினைவகத்தைச் சிதைத்த எழுதுதலுக்கும் அதனால் நிரல் சாகும் கணத்துக்கும் இடையே சில நேரங்களில் நீண்ட இடைவெளி இருக்கும். 128 கிலோபைட்டில் அந்த எழுதுதலின் தடம் நிச்சயமாகப் பஃபரைவிட்டு ஓடிப்போயிருக்கும்.

முகவரி வடிகட்டி பற்றி ஒரு வார்த்தை. குறிப்பிட்ட ஃபங்ஷனுக்குள் நடப்பதை மட்டும் பதிவு செய்யச் சொல்லும் இந்த வசதி, வேக ஆய்வுக்கு மிக நல்லது. பஃபரும் நீண்ட நேரத்துக்குப் போதும். கிராஷ் ஆய்வில் நான் இதைத் தொடுவதில்லை. செத்து விழுந்த ஃபங்ஷனைச் சுற்றி வடிகட்டியைப் போட்டால், சிதைத்த ஃபங்ஷன் வடிகட்டிக்கு வெளியே நின்றுவிடும் வாய்ப்பே அதிகம்.

கெர்னலே விழும் கிராஷ்கள் தனி உலகம். அங்கே பதிவைக் கோப்பில் சேமிக்க பெர்ஃப் நிரல் உயிரோடு இருக்காது. ஆனால் பஃபர்கள் கெர்னல் நினைவகத்தில்தான் இருக்கின்றன என்பதால், கேடம்ப் (கிராஷ் ஆனதும் இரண்டாவது கெர்னல் ஒன்றைத் தொடங்கி நினைவகத்தைச் சேமிக்கும் வசதி) அமைத்திருந்தால் கணினியின் நினைவகம் முழுவதும் சேமிக்கப்படும்போது இவையும் அதனோடு வந்துவிடுகின்றன. இதற்காகவே லினக்ஸ் கெர்னல் தன் கிராஷ் பாதையில் ஒரு முன்னெச்சரிக்கை செய்து வைத்திருக்கிறது: இரண்டாவது கெர்னலுக்குத் தாவுவதற்கு முன் ஒவ்வொரு கோரிலும் டிரேஸை நிறுத்திவிடுகிறது, அப்படிச் செய்யாவிட்டால், கிராஷுக்குப் பின் ஓடும் ஆணைகள் நமக்குத் தேவையான கடைசிப் பதிவின் மேலேயே எழுதிவிடும். இப்படிக் கிடைத்த டம்ப்பிலிருந்து ஒவ்வொரு கோரின் பதிவையும் பிரித்தெடுக்க, கிராஷ் என்னும் ஆய்வுக் கருவிக்குப் பிடிடம்ப் என்ற நீட்சி இருக்கிறது. பூட்டு ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஒரு கோர் அசையாமல் நிற்க, கண்காணிப்புக்கு விதித்த நேரம் கடந்து கெர்னல் தானே பேனிக் ஆகும் (இயக்கத்தை நிறுத்திக்கொள்ளும்) தருணங்களில் இது பெரும் துணை. நின்றுபோன கோரின் தற்போதைய இடத்தை எந்த டம்ப்பும் சொல்லும். அது அங்கே எந்த வழியாக வந்தது, மற்ற கோர்கள் அதற்குச் சற்று முன் எங்கே இருந்தன என்பதைச் சொல்ல இந்தப் பதிவு வேண்டும்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் தேவை. முதலாவது, லினக்ஸ் கெர்னல் தன் நிரலைத் தானே மாற்றிக்கொள்ளும் இயல்புடையது. நுண்செயலியின் வகைக்கேற்ப ஆணைகளைத் தொடக்கத்திலேயே மாற்றி எழுதுகிறது. டிரேஸ் புள்ளிகளை இயக்கும்போதும் நிறுத்தும்போதும் ஓட்டத்தின் நடுவிலேயே மாற்றுகிறது. எனவே வட்டில் இருக்கும் கெர்னல் கோப்பை வைத்துப் பதிவைப் படிக்க முயன்றால், பாக்கெட்டுகளும் ஆணைகளும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் பிழைச் செய்திகள் குவியும். ஓடிய கெர்னலின் நினைவகப் பிரதியை வைத்துத்தான் படிக்கவேண்டும். பெர்ஃப்பில் பதிவோடு சேர்த்து அந்தப் பிரதியையும் எடுத்துவைக்கத் தனித் தெரிவு உண்டு. ஓடும்போதே இயந்திரமொழியை உருவாக்கும் எந்த மென்பொருளுக்கும் இதே சிக்கல் இருக்கிறது. இரண்டாவது, கணினி எந்தச் சொல்லும் இல்லாமல் தானே மீள்தொடக்கம் ஆகிவிடும் கிராஷ்களில் நினைவகம் காப்பாற்றப்படுவதில்லை. பதிவும் அதனோடு போய்விடும். மென்பொருள் பிழையைத் தேட வந்தவர் மின்வழங்கல் கோளாறுக்கு இதில் விடை காண முடியாது.

இந்த வசதியின் உண்மையான எல்லை வேறு இடத்தில் இருக்கிறது. நிரல் எங்கே சென்றது என்பதை இது முழுமையாகச் சொல்கிறது. அப்போது எந்த மதிப்பை வைத்திருந்தது என்பதைச் சொல்வதில்லை. ரெஜிஸ்டர்களின் மதிப்பும் பதிவாவதில்லை, எந்த முகவரியில் எழுதப்பட்டது என்பதும் பதிவாவதில்லை. வேறொரு திரெட் நம் தரவின் மேல் எழுதிவிட்டது என்று சந்தேகித்தால், அந்த நேரத்தில் அந்தத் திரெட் நினைவகத்தில் எழுதும் எந்தெந்த ஆணைகளைக் கடந்தது என்று பட்டியலிட முடியும். அவற்றுள் நம் தரவைத் தொட்டது எது என்பதைப் பதிவு மட்டும் கொண்டு முடிவு செய்ய முடியாது. பிடிரைட் என்னும் ஆணை சில புதிய நுண்செயலிகளில் மதிப்புகளையும் பதிவுக்குள் எழுத உதவுகிறது என்றாலும், அதற்கு நிரலையே திருத்தவேண்டும். மாற்றாமல் கண்காணிப்பது என்ற முதல் நன்மை அதோடு போய்விடுகிறது. மைக்ரோசாஃப்ட் 2018இல் வெளியிட்ட ரெப்ட் என்னும் அமைப்பு இந்த இடைவெளியை அறிவார்ந்த முறையில் நிரப்புகிறது: கிராஷ் நேரத்து நினைவக டம்ப்பைத் தொடக்கமாக வைத்து, டிரேஸ் காட்டும் பாதையில் ஆணைகளைப் பின்னோக்கி நடத்தி, முந்தைய மதிப்புகளைக் கணித்து மீட்கிறது. முழுவதும் மீட்க இயலாது, ஏனெனில் ஒரு மதிப்பின் மேல் வேறொன்றை எழுதும் ஆணை பழையதை நிரந்தரமாக அழித்துவிடுகிறது. இருந்தும் கிராஷுக்கு அண்மையில் உள்ள பகுதிக்கு இது வியக்கத்தக்க பலன் தருகிறது. லினக்ஸில் இதற்கு இணையான வசதி பெர்ஃப்பின் உள்ளே இல்லாதது இன்றைய பெரிய குறை என்று கருதுகிறேன். டம்ப் ஒரு கையில், டிரேஸ் மறு கையில் என்று வைத்துக்கொண்டு, அந்தப் பின்னோக்கிய கணிப்பை நாமே தாளில் செய்யவேண்டியிருக்கிறது.

நினைவகச் சிதைவைப் பிடிக்க அட்ரஸ் சானிட்டைசர் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பிழையை மீண்டும் நிகழ்த்திக் காட்ட முடியும் என்றால் அதுவே முதல் தெரிவு. தவறான எழுதுதல் நிகழும் அதே கணத்தில் அது நிரலை நிறுத்திவிடும். ஆனால் அது நிரலை ஏறக்குறைய இரண்டு மடங்கு மந்தமாக்குகிறது, நினைவக அமைப்பையும் மாற்றுகிறது. அந்த மாற்றத்திலேயே சில பிழைகள் மறைந்துவிடுகின்றன. அப்படி மறைந்துவிடும் பிழைகளுக்கும், களத்தில் ஓடும் சேவையகத்தில் எப்போதாவது மட்டும் தலைகாட்டும் பிழைகளுக்கும் டிரேஸைப் போல ஏற்றது இல்லை.

பயன்படுத்தும் அனுபவத்தைப் பொறுத்தவரை, ஜிடிபியும் பெர்ஃப்பும் இரு துருவங்கள். ஜிடிபியில் பதிவைத் தொடங்க ஒரே கட்டளை போதும். கிராஷ் ஆனதும் ஓடிய ஆணைகளையும் ஃபங்ஷன் அழைப்புகளையும் பட்டியலாகக் காட்டும், ஒவ்வோர் ஆணையாகப் பின்னோக்கி நடக்கவும் விடும். பின்னோக்கி நடக்கும்போது மாறிகளின் அன்றைய மதிப்பைக் கேட்டால் கிடைக்காது என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது, தவறான மதிப்பைக் காட்டுவதில்லை. இந்த நேர்மையை நான் பெரிதும் மதிக்கிறேன். அதன் பஃபர் இயல்பாக 16 கிலோபைட் மட்டுமே என்பதால் தொடங்கும் முன்னரே அதைக் கூட்டிக்கொள்ளுங்கள். பெர்ஃப்போ ஆற்றல் மிக்கது, ஆனால் கற்க எளிதானது அன்று. எதைக் காட்டவேண்டும் என்பதை ஒற்றை எழுத்துகளைக் கோத்து எழுதும் தெரிவுகளால் சொல்லவேண்டும். ஓர் எழுத்து மாறினால் வெளியீடு முற்றிலும் வேறாகிவிடும். கையேடு நீளமானது, ஆனால் பொறுமையாகவும் துல்லியமாகவும் எழுதப்பட்டது. அதை முழுவதும் படிக்காமல் இந்தக் கருவியோடு போராடுவதில் பயனில்லை. முதலில் ஃபங்ஷன் அழைப்புகளை மட்டும் எடுத்து, கிராஷுக்கு முந்தைய மிகச் சிறிய நேரத் துண்டைத் தேர்ந்து, பின்னர் அந்தத் துண்டுக்கு மட்டும் ஆணை வரிசையைக் கேட்பது நடைமுறைக்கு ஒத்துவரும் வழி.

வரைபடமாகப் பார்க்க விரும்புபவர்களுக்கு ஜேன் ஸ்ட்ரீட் நிறுவனம் 2022இல் திறந்த மூலமாக வெளியிட்ட மேஜிக் டிரேஸ் இருக்கிறது. பெர்ஃப்பை உள்ளே இயக்கி, ஃபங்ஷன் அழைப்புகளை நேரக் கோட்டில் வண்ணப் பட்டைகளாக விரிக்கிறது. முதன்முதலில் இந்தத் தொழில்நுட்பத்தைத் தொடுபவருக்கு இதையே கொடுப்பேன். கிராஷ் ஆய்வின் கடைசி அடிக்கு, அதாவது தனித்தனி ஆணைகளைப் பார்க்கும் கட்டத்துக்கு, மீண்டும் பெர்ஃப்புக்கே வரவேண்டியிருக்கும்.

மாற்று வழிகளையும் பார்த்துவிடலாம். கடைசித் தாவல்களை நுண்செயலிக்குள்ளேயே வைத்திருக்கும் எல்பிஆர் எளிமையானது, ஆனால் ஸ்கைலேக்கில் அதன் கொள்ளளவு 32 தாவல்கள்தான். கிராஷுக்குப் பின் இயங்கும் கெர்னல் நிரலே அதைச் சில கணங்களில் நிரப்பிவிடும். பழைய பிடிஎஸ் முறை ஒவ்வொரு தாவலுக்கும் 24 பைட் எழுதி நிரலைத் தவழவைக்கிறது. இன்று அதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் எதுவும் இல்லை. கெர்னல் பக்கம், ஃபங்ஷன் அழைப்புகளைப் பதிவு செய்யும் எஃப்டிரேஸ் ஒரு நல்ல துணை. கிராஷ் நிகழும்போது தன் பஃபரைத் திரையில் கொட்டும்படி அதை அமைக்கலாம், எந்த நுண்செயலியிலும் ஓடும், ஆனால் ஃபங்ஷனின் வாசல் வரைதான் அதன் பார்வை செல்லும். ஆர்ம் வகை நுண்செயலிகளில் கோர்சைட் குடும்பம் இதே பணியைச் செய்கிறது, அதையும் பெர்ஃப் படிக்கும். ஏஎம்டி நுண்செயலிகளில் எல்பிஆரைப் போன்ற குறுகிய தாவல் பதிவு உண்டே தவிர, இதற்கு நேரான முழுப் பதிவு வசதி இல்லை. பிழை தேடுவதற்கென்றே ஒரு கணினியைத் தேர்ந்தெடுக்கும் நிலையில் இருப்பவர்கள் இதைக் கருத்தில் கொள்ளவேண்டும்.

மெய்நிகர் கணினிகளில் வேலை செய்பவர்கள் தொடங்கும் முன் ஒன்றைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது. நுண்செயலியின் திறன்களை லினக்ஸ் பட்டியலிடும் இடத்தில் இன்டெல் பிடி என்னும் குறி இல்லையென்றால், கீழே உள்ள வன்பொருள் எதுவாக இருந்தாலும் மேலே சொன்ன எதுவும் நடக்காது. லினக்ஸின் மெய்நிகராக்க வசதியான கேவிஎம்மில், விருந்தினர் கணினிக்குள் (அதாவது மெய்நிகர் கணினிக்குள்) இதை வழங்கும் வசதி 2019இல் வந்த 5.0 பதிப்பில் சேர்ந்தாலும், குறைபாடுகள் காரணமாக 2024இன் இறுதியில் கெர்னல் பராமரிப்பாளர்கள் அதைப் பழுதுற்றது என்ற குறியின்கீழ் ஒதுக்கிவிட்டார்கள். ஆகவே மெய்நிகர் கணினியில் தோன்றும் கிராஷை ஆராய, அதே மென்பொருளை மெய்நிகர் அடுக்கு இல்லாத ஒரு கணினிக்கு நகர்த்தி, பஃபரைப் பெரிதாக்கி, கேடம்ப்பையும் அமைத்துவிட்டு, பிழை மீண்டும் வரும் வரை அதை ஓடவிடுங்கள்.